ஒரு பழைய பியானோவின் ஒலியை இலவசமாகக் கொடுத்தபோது: நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் கல்யாணக் கச்சேரி, நாகஸ்வரம், தேவாலயப் பாடகர் குழு என்று எதுவானாலும் ஒலிப்பதிவு செய்துகொடுப்பது என் தொழில். நானும் இன்னும் இருவரும் சேர்ந்து ஒரு பியானோவின் ஒலியைக் கட்டை கட்டையாகப் பதிந்து, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியிட்டோம். முதல் வெளியீடு மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. இரண்டாவது வெளியீடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நடுவில் செய்த பிழைகளில் சிலவற்றை ஓர் உரைக்கோப்பில் ஒரு வரி மாற்றியே சரிசெய்ய முடிந்தது. சிலவற்றைத் திரும்பப் பெறவே முடியவில்லை. எது எந்த வகை என்பது செய்கிற நேரத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களும் ஊரும் இல்லை.

பின்னணி

மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடல் காற்று எட்டும் தூரத்தில் ஓர் ஊர். அங்கே ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர் வீட்டுக் கூடத்தில் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் அப்ரைட் வகையில் பழைய ஜெர்மன் பியானோ ஒன்று இருந்தது. அவருடைய மாமனார் காலத்தில் வந்தது. இந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயம் இல்லை. ஜெர்மன் கிறிஸ்தவ போதகர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு லுத்தரன் பாட்டுகள் வேர்விட்ட பகுதி இது. இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சை அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியக் குழு இருந்தது. ஆனாலும் இன்று டெல்டாவில் சுதியோடு வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கும் பியானோக்கள் மிகக் குறைவு. ஈரமும் உப்புக் காற்றும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுத்தியலின் கம்பளியை ஊற வைக்கும். டீச்சர் பியானோவின் அடிப்பெட்டிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டே அதைக் காப்பாற்றி வந்தார்.

வீட்டை விற்பது என்று புரட்டாசியில் முடிவானது. தை பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பியானோவை யாருக்குக் கொடுப்பது என்பதே முடிவாகாத நிலை. டீச்சரிடம் சின்ன வயதில் கற்ற ஒரு தம்பி, அப்போது பொறியியல் மாணவர், என்னிடம் வந்தார். "அண்ணே, பியானோவ வச்சுக்க முடியாது. சத்தத்தையாவது வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

சத்தத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக எனப் பல அழுத்தங்களில் தட்டி, ஒலி முழுதாக அடங்கும்வரை தனித்தனியாகப் பதிய வேண்டும். கீபோர்டில் விரல் எவ்வளவு வேகமாகக் கட்டையை அழுத்தியது என்பதை மிடி (கீபோர்டு கணினியோடு பேசும் முறை) 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். எந்தக் கட்டைக்கு, எந்த எண்ணுக்கு, எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும் என்று வரைபடம்போல ஓர் உரைக்கோப்பு எழுத வேண்டும். அதற்கு எஸ்.எஃப்.இசட் என்ற வடிவம் இருக்கிறது. அதைவிடப் பழையது, 1990-களில் வந்த சவுண்ட்ஃபாண்ட்; அதில் எல்லாமே ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு இலவசப் பியானோ தேவையா என்ற கேள்வி நியாயமானது. சாலமாண்டர் என்ற இலவசப் பியானோ பல ஆண்டுகளாக இருக்கிறது: யமஹா சி5 கிராண்ட் (கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய வகை), 16 அழுத்த அடுக்குகள். தரத்தில் அதோடு போட்டி போட நாங்கள் நினைக்கவில்லை. அது கிராண்ட் பியானோ. ஊர்ப்புற வீட்டுக் கூடத்தில் கேட்கிற அப்ரைட்டின் மரச்சத்தம் எங்களுக்கு வேண்டும். அப்புறம், இங்கே தேவாலயங்களில் 61 கட்டை கீபோர்டும் பழைய லேப்டாப்பும் வைத்து வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது நோக்கத்தைச் சொல்லிவிட்டு, வேலையில் இறங்கியதும் மறந்தும்விட்டோம்.

சுதி சேர்த்தது

திருச்சியிலிருந்து வந்த ட்யூனர் மூடியைத் திறந்து பார்த்ததும் முதலில் சொன்னது, "440-க்கு ஏத்த மாட்டேன்" என்பதுதான். நடு ஏ சுரத்துக்கு இன்று வழக்கமான அளவு 440 ஹெர்ட்ஸ். பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து பல டன் இழுவிசை. துருப்பிடித்த கம்பியை மேலே இழுத்தால் அறுந்துவிடும், அந்த அளவுக்கு மாற்றுக் கம்பி உடனே கிடைக்காது. பியானோ அப்போது எங்கே நின்றதோ அதை ஒட்டியே, நடு ஏ 435 ஹெர்ட்ஸ் வரும்படி சுதி சேர்த்தார். 440-லிருந்து அது ஏறக்குறைய 20 சென்ட் கீழே. ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். கணினியில் எல்லாக் கட்டைகளையும் ஒரே அளவு 20 சென்ட் உயர்த்துவது பெரிய வேலையில்லை. காதுக்குச் சாயல் மாறியதும் தெரியாது. இந்த முடிவு சரியாக அமைந்தது. ஒரு கம்பிகூட அறவில்லை.

அவர் போகும்போது எஃப் ஷார்ப்4 கட்டையைத் தட்டிக் காட்டினார் (எழுத்து சுரத்தின் பெயர், எண் அது எந்த ஸ்தாயி என்பது). அடியில் இருக்கும் கம்பளித் துணி தேய்ந்துபோய் 'டக்' என்று மரத்தில் இடிக்கிறது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

பதிவு இரவுகள்

88 கட்டைகளையும், ஒவ்வொன்றும் ஐந்து அழுத்தத்தில், மொத்தம் 440 பதிவுகள் என்று திட்டமிட்டோம். மூன்று கட்டைக்கு ஒன்று பதிந்து, இரண்டு பக்கமும் ஒரு அரைச்சுரம் இழுத்துக்கொள்ளலாம். மிகக் கீழே உள்ள ஏ0 முதல் உச்சியில் உள்ள சி8 வரை அப்படி 30 கட்டைகளே போதும். அது எனக்குத் தெரியும். "பியானோ போயிடும், அப்புறம் கிடைக்காது, எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்று நான்தான் வலியுறுத்தினேன். பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு இந்த ஒரு முடிவே விதை.

சீரான அழுத்தத்துக்கு முதலில் ஓர் இயந்திர வழி முயன்றோம். அரிசி கட்டிய துணி முடிச்சை அளந்த உயரத்திலிருந்து கட்டையின் மேல் போட்டோம். முடிச்சு விழும் 'தொப்' சத்தமும் சேர்ந்து பதிவானது. விட்டுவிட்டோம். கடைசியில் டீச்சரின் விரல்தான். எழுபதைக் கடந்தவர், நடுச்சத்தத்தில் அடுத்தடுத்து இருபது கட்டைகளைத் தட்டியபோது அளவுமானியில் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. என் விரலில் அது நடக்கவில்லை.

பியானோவின் முன்பலகையைக் கழற்றிவிட்டு, வாசிப்பவர் தலை இருக்கும் உயரத்தில் இரண்டு கண்டென்சர் மைக் வைத்தோம். பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நேரம் இரவு ஒன்றரை முதல் நாலரை வரை. அதற்கு மேல் போனால் எங்காவது ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும்.

முதல் இரவில் கீழ்க்கட்டைகளில் ஒரு விசித்திரம். ஜி1-ஐயும் ஜி2-ஐயும் தட்டினால் ஒலி நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை அலைபோல ஏறி இறங்கியது. மற்றப் பெரும்பாலான கட்டைகளில் அது இல்லை. கம்பியில் கோளாறு என்றே நினைத்தோம். இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை, அலை மட்டும் நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பு 100. நடு ஏ 435 என்றால் ஜி2-இன் சுதி ஏறக்குறைய 97 ஹெர்ட்ஸ். ஜி1 அதில் பாதி. அதன் முதல் மேல்சுரமும் 97. மைக் கம்பிவழி நுழைந்த மின்சார முனகல் 100-இல் நிற்க, பியானோ 97-இல் நிற்க, இரண்டும் உரசி நொடிக்கு மூன்று அலை. மற்றக் கட்டைகளிலும் முனகல் இருந்தது. உரசப் பக்கத்தில் ஆள் இல்லாததால் எங்கள் காதில் விழவில்லை.

அன்றைய பதிவு முழுவதையும் தள்ளினோம். மறுநாளிலிருந்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் வேலை. டீச்சரின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்ததால், அந்த மூன்று மணி நேரத்துக்கு அது ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்குப் போனது. இதை நாங்கள் யோசிக்கவில்லை, அவரே சொன்னார்.

இரண்டாம், மூன்றாம் இரவுகளில் கீழிருந்து சி4-ஐத் தாண்டி இ4 வரை முடித்தோம். அப்புறம் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. மழை நின்ற அன்றே நாலாம் இரவைத் தொடங்கினோம். பியானோவைத் தட்டி முடித்து ஒலி அடங்குகிற கடைசி நொடிகளில் வயலெல்லாம் தவளை. சம்பா நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் இருந்தன. சன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டோம், கொஞ்சம் குறைந்தது. தை நெருங்குகிறது, மார்கழி பிறந்தால் விடியலுக்கு முன்பே ஒலிபெருக்கி என்ற அவசரத்தில் நாலாம், ஐந்தாம் இரவுகளில் மீதி எல்லாவற்றையும் பதிந்து முடித்தோம். அன்று ஒரு கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை: மழைக்கு முன் இருந்த பியானோவும் மழைக்குப் பின் இருக்கும் பியானோவும் ஒன்றுதானா?

முதல்முறை கேட்டதும் தையல் தடமும்

கார்த்திகை முதல் வாரத்தில் தம்பி எல்லாவற்றையும் வெட்டி, கோத்து, ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தார். கீழ்ப்பாதி நன்றாக இருந்தது. மேல்பாதியும் நன்றாக இருந்தது. இரண்டு கையும் சேர்ந்ததும் கசந்தது. சி4-ம் சி5-ம் சேர்த்துத் தட்டினால் ஒட்டவில்லை.

அளந்து பார்த்தோம். இ4 வரை எல்லாம் ட்யூனர் வைத்த இடத்தில் இருந்தன. எஃப்4-இல் சட்டென்று 9 சென்ட் மேலே. அங்கிருந்து மேலே போகப் போகக் குறைந்து, உச்சக் கட்டைகளில் 3 சென்ட். காரணம் ஈரம். மழைக் காற்றில் சவுண்ட் போர்டு (கம்பியின் ஒலியைப் பெருக்கும் பலகை) மரம் ஊறி மேடாக உப்பும். அதன் மேல் நிற்கும் பாலம் கம்பிகளைத் தூக்கும். இழுவிசை கூடிச் சுதி ஏறும். நடுப்பகுதியில்தான் இந்த ஏற்றம் அதிகம். ஐந்து நாள் மழையைப் பதிவிலேயே படிக்க முடிந்தது.

சரிசெய்ய இரண்டு வழி. எஸ்.எஃப்.இசட் கோப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் எத்தனை சென்ட் இறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவது ஒன்று. மீண்டும் ட்யூனரை அழைத்து மேல்பாதியைத் திரும்பப் பதிவது இன்னொன்று. நாங்கள் முதல் வழியை எடுத்தோம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. நடுக்கட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். மூன்றும் சமமாக ஏறியிருந்தால் ஒரு வரி போதும். ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் அந்த உரசல் பதிவுக்குள்ளேயே உறைந்துவிடும், எந்த வரியாலும் எடுக்க முடியாது. எங்கள் அதிர்ஷ்டம், நாலைந்து கட்டைகளில் மட்டும் அப்படி ஆகியிருந்தது. அவற்றுக்குப் பக்கத்துக் கட்டையின் பதிவை ஒரு அரைச்சுரம் இழுத்து வைத்தோம். 88-உம் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் இங்கேதான் உடைந்தது.

எத்தனை சென்ட் வரை விடலாம் என்று தம்பிக்கும் எனக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். தஞ்சாவூரில் இருந்துகொண்டு இசையறிஞர் ஆபிரகாம் பண்டிதர் சுருதிக் கணக்குக்காக மாநாடுகளே கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சுருதி 22 அல்ல, 24 என்று வாதாடினார். அவருக்கு முன்னால் எங்கள் சண்டை சின்னது. 2 சென்ட்டுக்குள் வந்தால் போதும் என்று முடித்துக்கொண்டோம்.

தவளைக்கு அப்படி வரி எதுவும் இல்லை. இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டுப் பார்த்தோம். தவளை போயிற்று, கூடவே பியானோ அடங்குகிற வாலும் தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆயிற்று. எனவே மேல்கட்டைகளின் மெல்லிய இரண்டு அடுக்குகளையும் முழுதாகத் தூக்கிவிட்டு, நடு அடுக்கின் பதிவையே ஒலி குறைத்து, கூர்மையை மழுக்கும் ஃபில்டர் போட்டு வைத்தோம். மெதுவாகத் தட்டினால் பியானோவின் ஒலி குறைவதோடு மழுங்கவும் செய்யும் என்பதால் அது ஓரளவு நம்பும்படி இருந்தது. உண்மையான மெல்லிய ஒலி அது அல்ல. அதை இழந்துவிட்டோம்.

முதல் வெளியீடு

கார்த்திகை கடைசியில் வெளியிட்டோம். அப்போது எடுத்த முடிவுகளை எடுத்த காரணத்தோடு எழுதுகிறேன், இன்று பார்த்தால் வெட்கமாக இருந்தாலும்.

அளவு: 440 பதிவுகள், சராசரி 20 நொடி. சுருக்காமல் இரண்டரை ஜிபி, ஃபிளாக் என்ற தரம் இழக்காத வடிவில் சுருக்கியும் சுமார் ஒன்றேகால் ஜிபி. தரம் குறையக் கூடாது என்பதால் அப்படியே விட்டோம்.

உரிமம்: "இலவசம், பெயர் குறிப்பிட வேண்டும், வணிகப் பயன்பாடு கூடாது" என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. யாரோ காசு பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

ஒலி மட்டம்: எல்லாப் பதிவுகளையும் ஒரே உச்சத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டார் தம்பி. மென்பொருள் அப்படிக் கேட்டது, அவர் சரி என்று அழுத்திவிட்டார். விளைவு, மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் ஒரே சத்தம். மெல்லிய பதிவுகளில் அறை இரைச்சல் பெருகிக்கொண்டு வந்தது. வெளியிட்ட இரண்டாம் நாளே இதைப் பிடித்துவிட்டோம். மூலப் பதிவுகள் இருந்ததால் ஒரே மாலையில் திருத்தினோம்.

அந்த மூலப் பதிவுகளால்தான் பெரிய பிழையும் வந்தது. வேறு யாராவது இதைவிட நன்றாக வெட்டிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில், வெட்டாத முழு இரவுப் பதிவுகளையும் தனிக் கோப்புறையாகச் சேர்த்து ஏற்றியிருந்தோம். யாரும் முழுதாகக் கேட்டுப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: மூன்றாம் இரவுக் கோப்பின் நடுவில் யாரோ பேசுகிறார்கள், தெரிந்துதான் போட்டீர்களா? திறந்து கேட்டேன். பதிவுக்கு இடையே நாங்கள் டீ குடிக்க வாசலுக்குப் போயிருந்த நேரம். வெளிநாட்டிலிருக்கும் டீச்சரின் மகள் ஃபோன் ஸ்பீக்கரில். வீட்டின் விலை, அண்ணன் தம்பி பங்கு, டீச்சர் இனி யார் வீட்டில் இருப்பது என்று ஏழு நிமிடம். இரண்டு மைக்கும் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.

உடனே கோப்புறையை நீக்கினோம். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறக்கியிருந்தார்கள். யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

சொன்னது

எச்சரித்தவரைத் தவிர யாரும் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தம்பி தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கும் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதே சொல்லப் போதுமான காரணம். அன்று மாலையே பைக்கில் போனோம்.

"டீச்சர், எங்ககிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன்.

"யாரு கேட்டிருப்பாங்க, தம்பி?"

"ஒருத்தர் கேட்டது தெரியும். மத்தவங்க தெரியாது, டீச்சர்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல. பேசினது அவளும்தானே. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மகள் கோபப்பட்டார். கோபம் நியாயமானது. பியானோ ஒலியைப் பதியத்தான் அம்மா சம்மதித்தார், வீட்டைப் பதிய அல்ல என்றார். முழு வெளியீட்டையும் எடுத்துவிடச் சொன்னார், எடுத்தோம். தன் அம்மாவிடம் நாங்கள் எழுத்தில் எதுவும் வாங்கவில்லையே என்றும் கேட்டார். சட்டப்படி பார்த்தால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, அதாவது எங்களுக்கு. பியானோவின் உடைமையாளர் என்பதால் ஒலிமேல் உரிமை வந்துவிடாது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்டது அந்தக் கேள்வியும் அல்ல.

இரண்டாம் வெளியீடு

அதன் பிறகு தை வரை எதுவும் வெளியில் இல்லை. அந்த இடைவெளியில், முதல் வெளியீட்டை முயன்று பார்த்த சிலரிடம் பேசினோம். வேதாரண்யம் பக்கத்தில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி தன் மொபைல் டேட்டாவில் மூன்று நாள் முயன்றும் இறக்க முடியவில்லை என்றார். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொருவர் இறக்கிவிட்டார், அவருடைய பழைய லேப்டாப்பில் அது ஏறவில்லை. கல்யாணத்தில் வாசித்துக் கூலி வாங்குபவர் ஒருவர், "நான் பயன்படுத்தினா அது வணிகமா, சார்?" என்று கேட்டார். எங்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் போட்ட நிபந்தனையை நாங்களே விளக்க முடியவில்லை என்றால் அவர் எப்படி அதற்குக் கட்டுப்படுவார்? டெபியன் போன்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புகளும் வணிகத் தடை உள்ள எதையும் தங்கள் முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காசு பார்ப்பவர்களைத் தடுக்க நினைத்தோம். தடுக்கப்பட்டது கூலிக்கு வாசிப்பவர்.

எனவே சி.சி.0, அதாவது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் அறிவிப்பு. இதில் தம்பிக்கும் எனக்கும் ஒரு நீண்ட பேச்சு நடந்தது. இறுக்கமான உரிமத்திலிருந்து தளர்வானதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். தளர்வாகக் கொடுத்ததை நாளைக்கு இறுக்க முடியாது. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அது போனது போனதுதான். மூலக் கோப்புறை விஷயத்தில் அந்த 'போனது போனதுதான்' என்றால் என்ன என்று தெரிந்துகொண்டிருந்தோம். இந்த முறை யோசித்துக் கையெழுத்திட்டோம்.

டீச்சரிடம் தமிழில் ஒரு பக்கக் கடிதம் வாங்கினோம். எந்தெந்தக் கோப்புகள் வெளியே போகின்றன என்ற பட்டியலோடு. ஊர், வீடு, குடும்பப் பெயர் எதுவும் வராது என்பது அவருடைய நிபந்தனை. பியானோ தயாரிப்பாளரின் பெயரையும் தலைப்பிலிருந்து எடுத்தோம். அது வேறொருவரின் வணிகப் பெயர்.

அளவை மூன்றாகப் பிரித்தோம். முழுப் பதிப்பு, ஃபிளாக்கில், தேவைப்படுபவர்களுக்கு. நடுப் பதிப்பு: 30 கட்டைகள், மூன்று அழுத்தம், ஆக 90 பதிவுகள், கீழ்க்கட்டைகள் நீளமாகவும் மேல்கட்டைகள் குட்டையாகவும் சராசரி 10 நொடி, 16 பிட் சவுண்ட்ஃபாண்ட், சுமார் 170 எம்பி. மூன்றாவது அதையே ஆக் என்ற ஒலிச் சுருக்க வடிவில் சுருக்கிய சவுண்ட்ஃபாண்ட் (எஸ்.எஃப்.3), சுமார் 18 எம்பி. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வேறுபாடு சொல்லும்படி மூன்று வாசிப்பவர்களிடம் கொடுத்தோம். தனியாக வாசித்தபோது முழுப் பதிப்பை இருவர் கண்டுபிடித்தார்கள். பாடகர் குழு கூடப் பாடியபோது யாராலும் முடியவில்லை.

வெளியிடும் முன், போகிற ஒவ்வொரு கோப்பையும் மகளுக்கும் அனுப்பினோம். அவர் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் சரி என்று எழுதினார். தை மூன்றாம் வாரம் வெளியானது.

பின் நடந்தவை

இறக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த 18 எம்பி பதிப்புதான். வேதாரண்யத்துத் தம்பி இரண்டே நிமிடத்தில் இறக்கி, அந்த ஞாயிறே வாசித்து, ஒரு துண்டு வீடியோ அனுப்பினார். முழுப் பதிப்பை எடுப்பவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து, குறும்படத்துக்கு இசை செய்பவர்கள்.

முதல் வெளியீட்டின் மூலக் கோப்புறை வேறெங்கும் தோன்றுகிறதா என்று மாதம் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. அதனால் அது முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பியானோ டீச்சரின் உறவினர் ஒருவரின் வீட்டுக்கு, மினி லாரியில், வைக்கோல் மெத்தை போட்டுப் போனது.

அடுத்த முறை மாற்றுவது

88 கட்டைகள் வேண்டாம். 30 கட்டைகள், நாலு அழுத்தம், 120 பதிவுகள்: ஒரே இரவில் முடியும். ஒரே இரவில் முடிந்தால் பியானோ ஒரே பியானோவாக இருக்கும். காலம், முடிந்தால் மாசி முதல் பங்குனி வரை. அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், தவளை இருக்காது. ஐப்பசியில் எடுக்க நேர்ந்தால், அந்த இரவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏ4 கட்டையை ஒருமுறை பதிந்து ஒப்பிட வேண்டும். இப்போது சின்ன ஈரப்பத மானி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கிறது.

மைக்குகளை இரண்டு பதிவுகளுக்கு நடுவே நிறுத்துவது சோம்பேறித்தனத்தால் விட்டுப்போன வழக்கம். இப்போது எழுந்து போகிறவர் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். மூலப் பதிவுகளை வெளியிடுவதே இல்லை. யாராவது கேட்டால் கேட்ட கட்டையை மட்டும் வெட்டி அனுப்புகிறோம். உரிமம், அளவு, கடிதம் மூன்றையும் மைக் வைப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுகிறோம். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களில் ஒருவரை, கையில் அவருடைய சொந்த ஃபோனோடு, முதல் நாளே கூட வைத்துக்கொள்வது தம்பியின் யோசனை. இதுவரை ஒரு ஹார்மோனியத்துக்கு அப்படிச் செய்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. எஃப் ஷார்ப்4-இன் அந்த 'டக்'. அதை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டையை இழுத்து வைத்தால் போய்விடும். டீச்சரிடம் கேட்டேன். "அந்தக் கட்டை அப்படித்தான் பேசும். என்கிட்ட படிச்ச பசங்களுக்கு அது தெரியும்" என்றார். டக் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு கோப்பும் தயாராக இருக்கின்றன. எது முதன்மைப் பதிப்பில் போகும் என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.